ஓபரா குரலோடு மியூசிக்கல் தியேட்டர் ஆடிஷனுக்கு: பாட்டைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து பாடி முடிப்பது வரை

மியூசிக்கல் தியேட்டர் ஆடிஷனில் கிளாசிக்கல் பாடகர்கள் குரலால் தோற்பது அரிது. குரல் நன்றாக இருக்கிறது என்பது முதல் நான்கு பாரிலேயே (பார் என்பது இசைத்தாளில் ஒரு தாளச் சுற்று) பேனலுக்கு, அதாவது தேர்வுக் குழுவுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு அவர்கள் கவனிப்பதெல்லாம் இந்த ஆள் என்ன சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், ஏன் இப்போது சொல்கிறார் என்பதைத்தான். அதற்குப் பதில் கிடைக்காவிட்டால் "அருமையான குரல், நன்றி" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்களில் பலருக்கு மறுபடி அழைப்பு வருவதில்லை.

ஓபரா, லீடர் (ஜெர்மன் கலைப்பாடல்), ஓரடோரியோ (நடிப்பில்லாத பெரிய சமயப் பாடல் நிகழ்ச்சி) என்று மேற்கத்திய கிளாசிக்கல் முறையில் பயின்றவர்களுக்கான வழிகாட்டி இது. கையில் நான்கு வாரம் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். இரண்டு வாரம்தான் இருக்கிறதென்றால் பாட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வரிகளில் செய்ய வேண்டிய வேலையை மட்டும் குறைக்காதீர்கள்.

அறிவிப்பு என்ன கேட்கிறது

ஆடிஷன் அறிவிப்பில் 'லெஜிட்' (கிளாசிக்கல் சாயலுள்ள தியேட்டர் பாட்டு) என்று போட்டிருந்தால் அது உங்களுக்குப் பழகிய பக்கம். ஹெட் வாய்ஸ் (லேசான மேல்ஸ்தாயிக் குரல்), வைப்ராட்டோ (ஸ்வரத்தின் மெல்லிய அசைவு), நீண்ட மூச்சு எல்லாம் அங்கே செல்லுபடியாகும். 1943-இல் வந்த 'ஓக்லஹோமா!' தொடங்கி 1960-களின் நடுப்பகுதி வரையிலான காலத்தைப் பொற்காலம் என்பார்கள். அந்தக் கால ஷோக்களின் நாயகன், நாயகி வேடங்களில் நிறைய இந்த வகையில் வரும். 1949-இல் 'சவுத் பசிஃபிக்' மேடையேறியபோது அதன் நாயகனாகப் பாடியவர் எட்சியோ பின்ட்சா. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் பல ஆண்டுகள் பாஸ் (ஆழ்ந்த ஆண்குரல்) பாடகராக இருந்தவர். இரண்டு உலகமும் அவ்வளவு நெருங்கியிருந்தன. இருந்தாலும் 'லெஜிட்' என்று கேட்பவர்கள் ஓபராவைக் கேட்கவில்லை. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் புரிய வேண்டும். அழகான ஒலிக்காகச் சொல்லைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் ஓபரா சலுகை இங்கே கிடையாது.

'கன்டெம்பரரி லெஜிட்' என்பது 2005-இல் பிராட்வேக்கு வந்த 'தி லைட் இன் தி பியாட்ஸா' போன்றவை. குரல் கிளாசிக்கல் பக்கம் சாய்ந்திருக்கும், பேச்சும் தாளமும் இன்றையவை. கிளாசிக்கல் பாடகர் தன் பலத்தையும் காட்டி, ஓபராவிலிருந்து வெளியே வர முடியும் என்பதையும் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை.

'பாப்/ராக்' என்று இருந்தால் நிஜமான பாப் பாட்டு வேண்டும், ரேடியோவில் வந்தது. அங்கே போய் ஒரு தியேட்டர் பாலட் (மெதுவான, உணர்ச்சிகரமான பாட்டு) பாடினால் அறிவிப்பைப் படிக்கவில்லை என்று அர்த்தம். 'ஷோவின் பாணியில்' என்றால் அந்த ஷோவின் பாட்டு வேண்டாம், அதே காலத்தைச் சேர்ந்த, அதே மாதிரி ஆள் பாடும் வேறு பாட்டு வேண்டும். ஷோவின் பாட்டையே கேட்டிருந்தால் ஒழிய அதைப் பாடாதீர்கள். அவர்கள் அந்தப் பாட்டுக்கு ஏற்கனவே ஒரு வடிவத்தை மனதில் வைத்திருப்பார்கள்.

ஆரியா, அதாவது ஓபராவின் தனிப்பாட்டு? கேட்டால் மட்டும். 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா'வில் வரும் கார்லோட்டா போல, கதைக்குள்ளேயே ஓபரா பாடகியாக இருக்கும் வேடத்துக்குப் போகிறீர்கள் என்றால் வேறு விஷயம். மற்ற இடங்களில் உயர்குரல் திறமையைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் கில்பர்ட்-சல்லிவன் இரட்டையர் எழுதியது மாதிரி ஆபரெட்டா (இலகுவான, வசனமும் கலந்த ஓபரா) பாட்டு ஒன்றைக் கையில் வைத்திருங்கள். அதில் நகைச்சுவையும் சொல்லும் இருப்பதால் பாடுபவர் நடித்தே தீர வேண்டும்.

பாட்டைத் தேர்ந்தெடுக்க

உங்கள் வயதுக்கும் தோற்றத்துக்கும் நாளைக்கே அந்த வேடத்தைக் கொடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். ஓபராவில் 22 வயதுக்காரர் முதிய ராஜாவின் ஆரியாவைப் பாடலாம், குரல் வகைதான் அங்கே அளவுகோல். இங்கே பேனல் உங்களைப் பார்த்துக்கொண்டே வேடத்தோடு பொருத்திப் பார்க்கும்.

அடுத்து, பாட்டின் பெரும்பகுதி நீங்கள் பேசும் சுருதிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பது. பெண்கள் சாதாரணமாகப் பேசுவது ஏ3-ஐ (எழுத்து ஸ்வரத்தின் பெயர், எண் ஸ்தாயி) ஒட்டி, ஆண்கள் அதற்கு ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே. பாட்டு முழுக்க அதிலிருந்து வெகுதூரம் மேலே மிதந்தால் வார்த்தை கரைந்துவிடும். உச்ச ஸ்வரம் ஒன்றிரண்டு இடத்தில் வந்தால் போதும்.

பாட்டின் முடிவில் அந்த ஆள் தொடக்கத்தில் இருந்த இடத்திலேயே இருக்கக் கூடாது. ஒரு முடிவெடுத்திருக்க வேண்டும், எதையோ கண்டுபிடித்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் தோற்றிருக்க வேண்டும். "மாலை அழகாக இருக்கிறது" என்று மூன்று பக்கம் வர்ணிக்கும் பாட்டு குரலைக் காட்டும், உங்களை மறைத்துவிடும். கிளாசிக்கல் பாடகர்கள் இந்த மாதிரிப் பாட்டைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள், ஏனென்றால் பாட சுகமாக இருக்கும்.

பியானோ பகுதியையும் பாருங்கள். அறையில் இருப்பவர் உங்கள் தாளை முதல் தடவையாகப் பார்த்து வாசிக்கப் போகிறார். நல்ல வாசிப்பாளர்கள்தான், ஆனாலும் ஸ்டீபன் சொண்ட்ஹைம், ஜேசன் ராபர்ட் பிரவுன் போன்ற இசையமைப்பாளர்களின் சில பாட்டுகள் விரல்களுக்குக் கடினமானவை. ஆயத்தமில்லாமல் வாசிக்கும்போது தாளம் தள்ளாடினால் கஷ்டப்படப் போவது நீங்கள். அதையே பாட ஆசையென்றால், முன்கூட்டியே ஒரு பியானோ கலைஞரிடம் கொடுத்து, பார்த்த மாத்திரத்தில் வாசிக்க முடிகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

தாள் வாங்கும்போது ஒரு பொறி உண்டு. பாட்டுத் தொகுப்பாக விற்கும் 'வோக்கல் செலக்‌ஷன்ஸ்' பதிப்புகளில் சுருதியும் பியானோ பகுதியும் பல சமயம் எளிமையாக்கப்பட்டிருக்கும், வலது கை உங்கள் மெட்டையே கூடவே வாசித்துக்கொண்டிருக்கும். ஷோவின் 'வோக்கல் ஸ்கோர்' அல்லது அசல் சுருதியில் என்று குறிப்பிட்டு விற்கும் பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். சுருதியை மாற்ற வேண்டுமென்றால் மாற்றி அச்சடித்த தாளைக் கொண்டுபோங்கள். "இதை ஒரு ஸ்வரம் இறக்கி வாசிக்க முடியுமா?" என்று அறையில் கேட்காதீர்கள்.

சுருதி மாற்றுவதிலேயே கிளாசிக்கல் பாடகர்களுக்கு ஒரு சபலம் இருக்கிறது. ஈ5-இல் முடியும் பாட்டு அரைகுறையாக மாட்டிக்கொள்கிறது என்று ஜி5-க்கு ஏற்றி ஹெட் வாய்ஸில் அழகாக முடித்துவிடுவார்கள். பாட்டின் உச்சத்தில் அந்தப் பாத்திரம் கத்தி அழைக்கிறது என்றால் அந்த அழகு பொருந்தவே பொருந்தாது. ஏற்றுவதற்குப் பதில் இரண்டு மூன்று அரைஸ்வரம் இறக்கிப் பேச்சுக் குரலிலேயே முடியுங்கள்.

16 பாரும் கடிகாரமும்

முழுப் பாட்டையும் கேட்பது அபூர்வம். 32 பார், 16 பார் என்று கேட்பார்கள். அதைவிடக் குறைவாகக் கேட்கும் இடங்களும் உண்டு. 16 பார் என்றால் பெரும்பாலும் அரை நிமிடத்திலிருந்து முக்கால் நிமிடம், 32 பார் என்றால் ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். பாரை எண்ணுவதைவிடக் கடிகாரத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 தாள அடி போகும் 4/4 பாலட்டில் (ஒரு பாருக்கு நான்கு அடி) 16 பார் என்பது 64 விநாடி. அதே 4/4 நிமிடத்துக்கு 120 அடி போனால் 32 விநாடி. நிமிடத்துக்கு 150 அடி ஓடும் 3/4 வால்ட்ஸில் 16 பார் 20 விநாடிகூட வராது, அங்கே 32 பாரை எடுத்துக்கொண்டாலும் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். மெதுவான பாட்டில் 16 பார் கேட்கிறார்கள் என்று 64 விநாடி இழுப்பதுதான் ஆபத்து, நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள்.

பொற்காலப் பாட்டுகளில் பல ஏ-ஏ-பி-ஏ வடிவில் இருக்கும், ஒவ்வொரு பகுதியும் 8 பார். நடுவில் திருப்பம் தரும் பி பகுதியும் கடைசி ஏ பகுதியும் சேர்ந்தால் சரியாக 16 பார். கதையில் ஏதோ மாறுவதும் அங்கேதான், உச்ச ஸ்வரமும் பெரும்பாலும் அங்கேதான். முழு ஏ-ஏ-பி-ஏ என்றால் 32 பார். இன்றைய பாட்டுகளில் கணக்கு இவ்வளவு சுலபமாக வராது. கடைசி சரணத்தின் பின்பாதி, பிரிட்ஜ் (இணைப்புப் பகுதி), இறுதிப் பல்லவி என்று பின்னாலிருந்து எண்ணி வெட்டுங்கள்.

வெட்டிய துண்டைத் தனியாகப் படித்துப் பாருங்கள். முன்னால் இருந்ததைக் கேட்காதவருக்கு முதல் வாக்கியம் புரிகிறதா? "அதனால்தான் அவனும்..." என்று தொடங்கினால் எந்த அவன், எதனால் என்று பேனல் யோசித்துக்கொண்டிருக்கும். முன்னிசை ஒரு பார் போதும், அல்லது தொடங்கும் ஸ்வரத்தை மட்டும் ஒரு தடவை பியானோவில் தட்டச் சொல்லலாம். நான்கு பார் முன்னிசை உங்கள் நேரத்தைத் தின்றுவிடும்.

வரிகள்: பேச்சு முதலில், பாட்டு பிறகு

நான்கு வாரத்தில் முதல் வாரம் முழுக்க இதற்குத்தான். அந்த வாரம் பாடவே வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். மெட்டு உடம்பில் ஏறிவிட்டால் அதன் ஏற்ற இறக்கம் வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்தை விழுங்கிவிடும். பிறகு பிரிப்பது கஷ்டம்.

பாட்டை வரிவரியாக இல்லாமல் உரைநடையாகக் கையால் எழுதுங்கள், நிறுத்தற்குறிகளோடு. வாக்கியம் எங்கே முடிகிறது, எங்கே நடுவில் மனம் மாறுகிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். நான்கு பாருக்கு ஒரு மூச்சு என்ற பழக்கத்தை விட்டுவிட்டு, புதிய எண்ணம் பிறக்கும் இடத்தில் மூச்சை வையுங்கள். சில சமயம் அது வரிக்கு நடுவே வருவது போலத் தோன்றும், பேச்சில் அப்படித்தான் மூச்சு வாங்குகிறோம்.

அடுத்து வரிகளைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அழகான மொழிபெயர்ப்பு வேண்டாம், வீட்டில் ஒருவரிடம் கோபமாகவோ கெஞ்சியோ சொல்லும் தமிழ் போதும். ஆங்கிலத்தில் பாடும்போது ஒலி மட்டும் நாக்கில் உருண்டு, பொருள் பின்தங்கிவிடும். தாய்மொழியில் சொல்லும்போது தப்பிக்க வழியில்லை.

ஒரு வரியை வைத்துப் பார்ப்போம். "யூ நெவர் ஆஸ்க்ட் மீ வொய்." கிளாசிக்கல் பழக்கத்தில் ஆறு அசைக்கும் ஒரே எடை விழும், 'நெவர்' என்பதன் ர் உருளும், 'மீ' கொஞ்சம் குவிந்து உதடு முன்னால் வரும், 'ஆஸ்க்ட்' என்பதன் முடிவில் இருக்கும் மெய்கள் லெகாட்டோவுக்காக (ஸ்வரங்களை இடைவெளியின்றி இணைப்பதற்காக) பாதி விழுங்கப்படும். கேட்பதற்கு இனிமையாக இருக்கும், பொருள் ஒன்றும் வராது. இப்போது தமிழில்: "ஏன்னு நீ ஒரு தடவைகூடக் கேக்கலையே." குற்றம் சாட்டுகிறீர்கள் என்றால் அழுத்தம் 'ஒரு தடவைகூட' மேல். வருத்தம் என்றால் 'ஏன்னு' மேல். அடுத்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள் என்றால் 'நீ' மேல். ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது அதே அழுத்தம் 'நெவர்', 'வொய்', 'யூ' என்று இடம் மாறும். மூன்றையும் சொல்லிப் பார்த்து ஒன்றை முடிவு செய்யுங்கள். மற்ற அசைகள் எடை குறைந்து, பேச்சில் ஓடுவது போல ஓடட்டும். இந்த ஏற்றத்தாழ்வு வந்துவிட்டால் பாதிக் கிளாசிக்கல் சாயல் தானாகக் குறையும், குரலில் ஒன்றுமே மாற்றாமல்.

உச்சரிப்பில், கதை அமெரிக்காவில் நடக்கிறதென்றால் 'ஆஸ்க்ட்' என்பதன் உயிர், பூனையைக் குறிக்கும் 'கேட்' (cat) என்ற சொல்லின் உயிரொலி. இங்கிலாந்துக் கதை என்றால் நீண்ட ஆ. இரண்டுக்கும் நடுவே மிதக்கும் கான்சர்ட் ஆங்கிலம் எந்த ஊர் ஆளையும் காட்டாது.

பிறகு யாரிடம் சொல்கிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். "என் காதலரிடம்" என்பது போதாது. அவர் என்ன சொல்லிவிட்டு நிற்கிறார், நீங்கள் சொல்லி முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? முன்னிசையாக வரும் அந்த ஒரு பாரில், அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியம் உங்கள் காதில் விழ வேண்டும். அப்போதுதான் முதல் சொல் பதிலாக வரும். இல்லாவிட்டால் பியானோவுக்குப் பின்னால் வரிசையில் நுழைந்த மாதிரி இருக்கும்.

இவ்வளவும் ஆன பிறகு வரியைப் பாட்டின் வேகத்தில் பேசுங்கள். அடுத்து எழுதியிருக்கும் தாளத்தில் பேசுங்கள், பிறகு மெட்டில் அரைக்குரலில். எந்தப் படியில் நடிப்பு காணாமல் போகிறதோ அதற்கு முந்தைய படிக்குத் திரும்புங்கள். பலருக்கு அது காணாமல் போவது நீண்ட ஸ்வரங்களில்தான். அங்கே ஒலியை ரசிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

குரலில் மாற்ற வேண்டியவை

ஓபரா பாடகர் மைக் இல்லாமல் முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்க வேண்டும். அதற்காகக் குரல்வளை தாழ்ந்து, தொண்டை அகன்று, குறிப்பாக ஆண் குரல்களில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி குவிகிறது. அதுதான் 'ரிங்'. மியூசிக்கலில் மைக் இருக்கிறது. ஆடிஷன் அறையில் மைக் இல்லாவிட்டாலும் அறை சின்னது, பேனல் சில அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கே முழு ரிங்கோடு பாடினால் காது கூசும், முகத்தில் ஓடும் எண்ணமும் ஒலிக்குப் பின்னால் மறைந்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசும் அளவில் தொடங்கி, உச்சத்தில் மட்டும் முழுக் குரலைத் திறந்துவிடுங்கள்.

உயிரொலிகள் இன்னும் அகலமாக, பேச்சு வாய்க்கு அருகே வர வேண்டும். வட்டமாகக் குவித்து உயர்த்தும் பழக்கத்தால் 'லவ்' என்பது 'லாவ்' ஆகிறது, 'மீ' என்பது 'மூ' பக்கம் சாய்கிறது. கண்ணாடி முன்னால் பேசும்போது வாய் எப்படி இருக்கிறதோ அதே வடிவில் பாடிப் பழகுங்கள்.

வைப்ராட்டோவை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. லெஜிட் பாட்டில் அது இருக்கலாம், கன்டெம்பரரியில் நீண்ட ஸ்வரத்தின் முற்பாதி நேராக வந்து பிற்பாதியில் அவிழட்டும். நேரான ஒலிக்காக நாக்கின் அடியையும் தொண்டையையும் இறுக்குவது பெரிய தவறு, இரண்டே நாளில் குரல் களைத்துவிடும். மூச்சின் அழுத்தத்தைக் குறைத்தால் நேராகும். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழிருந்து வழுக்கி ஏறுவதும் வேண்டாம். பாப் பாடுகிறோம் என்று காட்ட கிளாசிக்கல் பாடகர்கள் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான், உடனே போலி என்று தெரியும்.

பெண்களுக்கு நிஜமான வேலை ரிஜிஸ்டரில், அதாவது குரலின் தளம் மாறும் இடத்தில் இருக்கிறது. கிளாசிக்கல் சொப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) ஈ4, எஃப்4 அருகிலேயே ஹெட் வாய்ஸுக்கு மாறிவிடுவார். மியூசிக்கலில் வசனம் போன்ற வரிகள் அதற்கு மேலும் ஓடும், ஏ4 முதல் சி5 வரை பேச்சுத் தன்மை எதிர்பார்க்கப்படும். அதற்குக் கீழேயே ஹெட் வாய்ஸ் வந்தால் குரல் திடீரென்று மெலிந்து, பாத்திரம் அறையை விட்டுப் போனது போல ஆகிவிடும். செஸ்ட் வாய்ஸின் (பேசும்போது வரும் கனமான கீழ்க்குரலின்) முழு எடையையும் மேலே தள்ளுவது தீர்வு ஆகாது. தூரத்தில் போகிறவரை "ஏய்!" என்று கூப்பிடுங்கள், கோபமில்லாமல், சந்தோஷமாக. பலருக்கு அந்த ஒலி பேசும் சுருதிக்கு ஏறத்தாழ ஒரு ஸ்தாயி மேலே விழும், தொண்டையில் எந்தப் பிடிப்பும் இருக்காது. அந்தச் சுருதியைப் பியானோவில் கண்டுபிடித்து, அதே ஒலியில் 'ஞே' என்று ஐந்து ஸ்வரம் இறங்குங்கள். அரைஸ்வரம் அரைஸ்வரமாக மேலே நகர்ந்து, கழுத்து நரம்பு தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு 'ஞே'க்குப் பதில் பாட்டின் சொல்லைப் போடுங்கள். செஸ்ட் வாய்ஸும் ஹெட் வாய்ஸும் கலந்த மிக்ஸுக்கு இதுதான் வாசல். முழு பெல்ட் (செஸ்ட் வாய்ஸின் கனத்தோடு உரக்க மேலே பாடுவது) நான்கு வாரத்தில் வராது, ஆடிஷனுக்காக வரவழைக்கவும் முயல வேண்டாம். நல்ல மிக்ஸோடு லெஜிட் வேடங்களுக்குப் போவதில் எந்தக் குறையும் இல்லை.

ஆண்களுக்கு மாற்றம் சிறியது. ஈ-ஃபிளாட்4, எஃப்4 அருகில் உயிரொலியை மூடி உருட்டும் பழக்கம் இருக்கிறதே, கேட்பவர் காதில் ஓபரா என்று மணி அடிப்பது அதுதான். உயிரைச் சற்றுத் திறந்தே வைத்து, ஒலியளவைக் குறைத்து அந்த இடத்தைக் கடந்து பாருங்கள். பாரிட்டோன்களுக்கு (நடுத்தர ஆண்குரல்காரர்களுக்கு) இது முதலில் கூச்சமாக இருக்கும், குரல் 'சின்னதாகிவிட்டது' என்று தோன்றும். பதிவு செய்து கேட்டால் அப்படி இருக்காது.

இந்தப் பயிற்சியை ஒரு தடவைக்கு 15 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட ஓபரா ஒத்திகைக்குப் பிறகு, களைத்த குரலில் செய்யாதீர்கள். மறுநாள் காலை உயர்ந்த ஸ்வரங்களை மிக மெதுவாக 'ஊ' என்று பாடிப் பாருங்கள். வழக்கமாக வரும் மென்மையான உச்சம் வராமல் காற்று மட்டும் வந்தால் குரல்நாண் வீங்கியிருக்கலாம், அன்று ஓய்வு. இரண்டு வாரத்துக்கு மேலும் சரியாகாவிட்டால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கேட்டுப் பழகவும் ஆட்கள் இருக்கிறார்கள். பிராட்வே நட்சத்திரம் ஆட்ரா மெக்டொனால்ட் நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப்பள்ளியில் கிளாசிக்கல் குரல் பயின்றவர், இன்னொரு பிராட்வே நட்சத்திரமான கெல்லி ஓ'ஹாராவும் ஓபரா பயிற்சியோடு வந்தவர்தான். உச்சங்களை விட்டுவிட்டு, அவர்கள் தாழ்ந்த பகுதியில் எப்படி வார்த்தையைப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு தடவை கேட்டுவிட்டு ஒதுக்கிவையுங்கள். பதிவை நகலெடுத்துப் பாடுபவரை மூன்றாவது பாரில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பியானோ கலைஞர் கையில் கொடுக்கும் தாள்

அறையில் உங்களுக்கு இருக்கும் ஒரே துணை அவர்தான். தாள்களை வளையக் கோப்பில், இரண்டு பக்கமும் அச்சடித்து, துளையிட்டு வையுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை விளக்கு வெளிச்சத்தில் மின்னும், மங்கலான உறை அல்லது உறையே இல்லாத கெட்டித் தாள் நல்லது. உதிரித் தாள் பறக்கும். ஸ்டேப்ளர் அடித்த கத்தை ஸ்டாண்டில் நிற்காது. நகலெடுக்கும்போது பக்கத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டு இடது கை ஸ்வரங்கள் காணாமல் போவது சகஜம், ஒவ்வொரு பக்கத்தையும் சரிபாருங்கள். மெட்டும் கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) பெயர்களும் மட்டும் உள்ள தாளைக் கொடுக்காதீர்கள்.

பாட்டின் நடுவிலிருந்து வெட்டும்போது ஒரு சிக்கல் வரும். டைம் சிக்னேச்சரும் (தாளக் குறி) டெம்போவும் (வேகம்) பாட்டின் முதல் பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும். துண்டு வரியின் நடுவில் தொடங்கினால் கிளெஃபும் (வரிகளின் ஸ்வரத்தைக் காட்டும் குறி) கீ சிக்னேச்சரும்கூட (சுருதிக் குறி) அங்கே இருக்காது. நான்கையும் தொடக்கப் பாருக்கு முன்னால் கையால் எழுதுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் தடித்த கறுப்புப் பேனாவால் காட்டுங்கள். தாண்ட வேண்டிய பார்களைக் கோடு போட்டு அடிப்பதைவிட, மேலே வெள்ளைத் தாள் ஒட்டி மறுபடி நகலெடுத்தால் கண் தடுமாறாது.

கோப்பில் எட்டுப் பாட்டு போதும்: பொற்கால பாலட் ஒன்று, அதே காலத்து வேகமான அல்லது சிரிக்க வைக்கும் பாட்டு ஒன்று, கன்டெம்பரரி லெஜிட் இரண்டு, இன்றைய தியேட்டர் பாட்டு ஒன்று, பாப் இரண்டு, ஆபரெட்டா ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முழுப் பிரதியும் 16, 32 பார் துண்டுகளும். எழுப்பிக் கேட்டாலும் பாட முடியாத பாட்டு கோப்பில் இருக்கக் கூடாது. கோப்பைப் புரட்டிப் பார்த்து "அது பாடுங்கள்" என்று கேட்டால் மறுக்க முடியாது.

அறைக்குள்

பியானோ கலைஞரிடம் போய் வணக்கம் சொல்லி, தொடங்கும் இடம், தாண்டும் இடம், வேகம் குறையும் இடம் மூன்றையும் விரலால் காட்டுங்கள். டெம்போவுக்குச் சொடக்குப் போடாதீர்கள், பல வாசிப்பாளர்களுக்கு அது அவமரியாதையாகத் தோன்றும். பாட்டின் இரண்டு பாரை மெல்லிய குரலில் அவருக்கு மட்டும் பாடிக் காட்டுங்கள், பாடும்போது வரும் அதே வேகத்தில். பதற்றத்தில் இங்கே மெதுவாகப் பாடிக் காட்டிவிட்டு, பிறகு ஊர்ந்து செல்லும் பியானோவோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய. இதெல்லாம் கால் நிமிடத்தில் முடிய வேண்டும்.

நடுவில் டெம்போ தவறினால் பியானோ பக்கம் திரும்பாதீர்கள், கையால் தாளம் போடாதீர்கள். மெய்யெழுத்துகளைக் கூர்மையாக வைத்து உங்கள் வேகத்தில் பாடுங்கள், அவர் வந்து சேர்ந்துகொள்வார்.

பியானோவின் வளைவில் சாய்ந்து கைகோர்த்து நிற்பது கச்சேரி நிலை. அறையின் நடுவுக்கு வாருங்கள். பார்வையைப் பேனலின் தலைக்குச் சற்று மேலே, சுவரில் ஒரு புள்ளியில் வைத்து, நீங்கள் பேசும் ஆளை அங்கே நிறுத்துங்கள். பேனலில் ஒருவரின் கண்ணைப் பார்த்துப் பாடினால் அவர் பார்வையாளராக இருக்க முடியாமல் நெளிவார். கைகளுக்கு முன்கூட்டியே வேலை கொடுக்காதீர்கள். கடைசி ஸ்வரம் முடிந்ததும் இரண்டு தாள அடி நேரம் அதே எண்ணத்தில் நின்று, பிறகு விடுபடுங்கள். "இன்று தொண்டை சரியில்லை" என்ற பேச்சு வாயிலேயே வரக் கூடாது.

"வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால், கிளாசிக்கல் பாடகரிடம் அதன் பொருள் அநேகமாக "கிளாசிக்கலாக இல்லாத எதையாவது பாடுங்கள்" என்பதுதான். இன்னொரு பாலட்டை எடுக்காதீர்கள், வேகமான அல்லது பேச்சுத் தன்மையுள்ள பாட்டுக்குப் போங்கள். "இதையே ரகசியம் சொல்வது போலப் பாடுங்கள்" என்று சொன்னால் மாற்றம் பளிச்சென்று தெரியும்படி செய்யுங்கள். சொன்னதைக் கேட்டு மாற்றக்கூடிய ஆளா என்று பார்ப்பதற்குத்தான் அது. கொஞ்சமாக மாற்றினால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

வெளியே வந்ததும் எந்தத் துண்டைப் பாடினீர்கள், என்ன உடை, என்ன சொன்னார்கள் என்று குறித்துவையுங்கள். கால்பேக் (மறுபடி அழைப்பு) வந்தால் அதே பாட்டோடு, ஏறத்தாழ அதே தோற்றத்தில் போக வேண்டும். அவர்கள் மறுபடி அழைத்தது முதல் நாள் பார்த்த ஆளை. கால்பேக்குக்கு ஷோவின் பாட்டையும் வசனப் பக்கங்களையும் அனுப்பினால், தாளில் உள்ள ஸ்வரமும் தாளமும் சுருதியும் அப்படியே இருக்க வேண்டும். உங்களுக்கு உயர்ந்த சி ஸ்வரம் எவ்வளவு சுலபமாக வந்தாலும், எழுதாத இடத்தில் அதைச் சேர்க்காதீர்கள். உங்கள் சொந்தக் கோப்பையும் கையோடு எடுத்துப் போங்கள், மறுபடி கேட்பதுண்டு.